மேப்பில் இருந்த பாலம்

ஹெச்.எம். சார், நீங்கள் பொய் சொன்னீர்கள். டீச்சர் கவனக் குறைவால் சாகவில்லை. அந்த ஓடைக்குள் அவரை இறக்கிவிட்டது நீங்கள் எழுதிய ஒரு தாள். அதில் இருக்கிற சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

படிக்கிறவர்களுக்கு யார் என்ன என்று தெரிய வேண்டும். ஆந்திராவில் கார்வேட்டிநகரத்துக்கும் புத்தூருக்கும் நடுவில், ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு காலனி. அங்கே தமிழ் மீடியம் ஆரம்பப் பள்ளி. இரண்டு அறை, ஒரு வராண்டா, மூன்று ஆசிரியர்கள். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் எனக்கு. மூன்று, நாலு, ஐந்து டீச்சருக்கு. நீங்கள் தலைமை ஆசிரியர். ஓடைக்கு அந்தப் பக்கம் பெரிய ஊர், அதில் ஹைஸ்கூல்.

டீச்சரின் பெயரை எழுதவில்லை. அவர் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். "பேரு போட்டா மறுபடியும் அதே பேச்சு கிளம்பும் சார். எங்க பொண்ணு காலேஜுக்குப் போய்க்கினு கீது." எந்தப் பேச்சு என்று சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். சொல் பேச்சு கேட்காமல் தண்ணீரில் இறங்கிச் செத்தாள் என்கிற பேச்சு. விசாரணைத் தாளிலும் அப்படித்தான் இருக்கிறது. அதை அழிக்க வேண்டும். மழைக்காலமும் வருகிறது. காலனிப் பிள்ளைகள் இன்றைக்கும் அந்த ஓடையில் இறங்கித்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

டீச்சரைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அவர் நடையைத்தான் சொல்வார்கள். நடக்கும்போது உதடு அசைந்துகொண்டே இருக்கும். அடி எண்ணுவார். புத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினால், நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கூட கேட் வரைக்கும் எழுநூற்றுப் பன்னிரண்டு அடி. தினமும் நடக்கிற வழி. தினமும் எண்ணுவார். எதிரில் வருகிறவர் வணக்கம் சொன்னால் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார், கொஞ்சம் பொறு என்பதுபோல. நாலடி தள்ளிப் போய் நின்று, "நானூத்தி முப்பத்தாறு. வணக்கம்ணா, இப்ப சொல்லுங்க" என்பார்.

"தெரிஞ்ச வழிதானே டீச்சர், எதுக்கு எண்ணறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நேத்து இருந்தது இன்னிக்கும் கீதான்னு பாக்க வேணாமா சார்?"

எனக்கு அவரைப் பிடிக்காது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். யார் என்ன சொன்னாலும் அப்படியே நம்ப மாட்டார். சத்துணவுக்கு அரிசி வந்துவிட்டது என்று நான் சொன்னால், எழுந்து போய் மூட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். நம்மைப் பொய்யன் ஆக்குகிறாளே என்று எரிச்சல் வரும். ஆனால் அவர் சண்டைக்காரி இல்லை. தொட்டுப் பார்த்துவிட்டு, "வந்துடுச்சு சார்" என்று நமக்கே நல்ல சேதி சொல்வதுபோல் சிரிப்பார்.

டீக்கடையில் அவருக்கு சர்வேயரம்மா என்று பெயர். அங்கே முன்பெஞ்சில் உட்காரும் ஒரு ஆள், ஓடைப் புறம்போக்கில் நாலு சால் உள்ளே ஏறி உழுதவர், ஒரு நாள் எல்லோர் முன்னாலும் வம்புக்கு இழுத்தார்.

"இன்னா சர்வேயரம்மா, எங்க நெலத்தையும் கொஞ்சம் அளந்து குடேன்."

"அளக்கறேண்ணா. கொறஞ்சிதான் வரும், பரவால்லயா?"

கடையே சிரித்தது. அதற்கப்புறம் அந்த ஆள் அவரை டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டார்.

பள்ளிக்கூடத்தில் ஒரு குளோப் இருந்தது. திருப்பதியிலிருந்து வந்தது. அதை நீங்கள் பீரோவின் மேல், பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தீர்கள். யாராவது ஆபீசர் வந்தால் காட்டுவதற்கு. டீச்சர் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் ஸ்டூல் போட்டு ஏறி அதை இறக்கினார். "எந்துக்கும்மா இந்த வம்பு? பசங்க உடைச்சிருவாங்க. ஆபீசர் வந்து கேட்டா?" என்று பாதித் தெலுங்கில் சொன்னீர்கள். "பசங்க பாத்துட்டு மிச்சம் வெச்சா ஆபீசருக்குக் காட்டலாம் சார்" என்று சொல்லிவிட்டு வராண்டாவுக்குத் தூக்கிக்கொண்டு போனார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் ரிஜிஸ்டரைப் பார்த்தேன்.

என் வகுப்புக்கும் அவர் வகுப்புக்கும் நடுவில் தட்டிதான். அவர் பாடம் எனக்குக் கேட்கும். பிள்ளைகள் முதலில் கேட்டது, எங்க ஊரு எங்க டீச்சர் என்று. அவர் ஒரு கடுகை நாக்கில் தொட்டு உருண்டையில் ஒட்டினார்.

"இதுக்கு அடியிலதான் நம்ம ஊரு. சித்தூரும் இதுக்கு அடியில. திருப்பதியும் இதுக்கு அடியில."

"மலையுமா டீச்சர்?"

"மலையும்தான்."

"அய்யோ, அப்ப சாமி?"

அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. அடுத்து இரண்டு பேரை உருண்டைக்கு இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தி என்று நிற்க வைத்து, தெரிவதைச் சொல்லச் சொன்னார். ஒருத்தன் கடல் என்றான், ஒருத்தி நிலம் என்றாள். சண்டை. பொய்யி, நீதான் பொய்யி. இடத்தை மாற்றி நிற்க வைத்தார். சண்டை நின்றுவிட்டது.

பிறகு சுவரில் உலக மேப்பை மாட்டினார். வடக்கே வெள்ளையாக ஒரு பெரிய தீவு இருக்குமே, அது மேப்பில் ஆப்பிரிக்கா அளவுக்கு இருந்தது. எண்ணெய்த் தாளை உருண்டைமேல் வைத்து அதே தீவை வரைந்து, ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். ஆப்பிரிக்காவின் ஒரு மூலைக்குத்தான் அது போதும். பதினெட்டு வருஷம் பாடம் எடுத்தவன் நான். அது எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். தட்டிக்கு இந்தப் பக்கம் எழுந்து நின்று எட்டிப் பார்த்தேன்.

"ஏன் டீச்சர் மேப்பு பொய் சொல்லுது?"

அதற்கு அவர் மாம்பழம் கொண்டுவரச் சொன்னார். ஜூன் மாசம், எல்லார் வீட்டிலும் நீலம் பழம் இருந்தது. தோலை ஒரே துண்டாகச் சீவி, பழத்தைத் தின்றுவிட்டு, தோலைப் பலகையில் வைத்து அழுத்தச் சொன்னார். எல்லாத் தோலும் கிழிந்தது. ஒரு பிள்ளை மட்டும் கிழியாமல் பரப்பிக் காட்டுகிறேன் என்று மணி அடிக்கிற வரைக்கும் போராடிக்கொண்டிருந்தது.

"முடியாதும்மா. யாராலயும் முடியாது. உருண்டைய தட்டையாக்கினா எங்கியாவது கிழியும், இல்ல இழுத்துக்கும். அந்த எடத்த சரிகட்டித்தான் மேப்பு போடுவாங்க. உருண்டை பொய் சொல்லாது, ஆனா அதுல நம்ம தெரு தெரியாது. மேப்புல நம்ம தெரு தெரியும். ஆனா போட்டவன் எத உட்டான், எத சேத்தான்னு நீதான் நடந்து போய்ப் பாக்கணும்."

மூன்றாம் வகுப்புக்கு இவ்வளவு வேண்டுமா என்று நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். வேண்டாம் என்றுதான் நானும் சொன்னேன்.

நடந்து பார்ப்பது அவருக்கு வெறும் பேச்சு இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரும் வழியை மேப்பாகப் போட வேண்டும். போட்டதற்கு ஒரு டிக். அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் பிள்ளையோடு அந்த வழியில் நடந்து போவார். சரியாக இருந்தால் இரண்டாவது டிக். மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கும் இப்படி. பாதி நாள் கடைசி பஸ்ஸுக்கு ஓடுவார்.

ஒரு பையன் தன் வீட்டை மாடி வீடாகப் போட்டிருந்தான். நடந்து போனால் அங்கே வீடு இல்லை. நாலு எல்லைக்கல்லும் முள்ளுச் செடியும்தான். அரசாங்கம் கொடுத்த மனை.

"எங்கடா வீடு?"

"வரப் போவுது டீச்சர். நைனா சொல்லுச்சு."

"வரப் போறத கோடா போடக்கூடாதுடா. பாக்கறவங்க மேப்ப நம்பி வந்து ஏமாந்து நிப்பாங்க இல்ல?"

பையன் அழுதுவிட்டான். அவன் அம்மா வந்து, "இன்னா டீச்சரம்மா, எங்களுக்கு வீடு வராதுன்றியா?" என்று சண்டைக்கு நின்றாள். டீச்சர் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, மாடி வீட்டை அழித்து, அதே இடத்தில் புள்ளிப் புள்ளியாக வரைய வைத்தார். "புள்ளின்னா இன்னும் வரலன்னு அர்த்தம். வந்ததும் நீயே கோடு போட்டுக்கோ. நான் வந்து டிக் போடறேன்." அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. வீடு இன்னும் புள்ளியாகத்தான் இருக்கிறது.

இனி அந்தத் தாளுக்கு வருகிறேன், சார்.

மூன்று முதல் ஐந்து வரை ஹைஸ்கூலோடு சேர்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், வழியில் பிள்ளைகளுக்குத் தடை எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் எழுதிக் கொடுக்கலாம், சேர்க்க மாட்டார்கள். எழுதிக் கொடுக்க வேண்டியவர் நீங்கள். நீங்கள் சச்சிவாலயத்துக்குப் போய், அந்தக் கிராம ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த மேப்பில் ஸ்கேல் வைத்து அளந்தீர்கள். காலனியிலிருந்து ஓடையைத் தாண்டி ஹைஸ்கூலுக்கு நேர்கோடு. எண்ணூற்றுச் சொச்சம் மீட்டர். கோடு ஓடையைத் தாண்டுகிற இடத்தில், அந்த மேப்பில் ஒரு பாலம் இருந்தது. எப்போதோ கட்டப் போவதாகச் சொன்ன பாலம். மேப் போட்டவர் அதைப் புள்ளியாகப் போடாமல் கோடாகவே போட்டுவிட்டார். அங்கே பாலம் இல்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வருஷத்தில் ஒன்பது மாசம் அது மணல். ஆடு மாடு நடக்கும். மழைக்காலத்தில் தண்ணீர். ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனால் ஹைஸ்கூல் மூன்று கிலோமீட்டர்.

'வழியில் பாலம் உள்ளது, தடை இல்லை' என்று எழுதினீர்கள். மூன்று கையெழுத்து வேண்டும். டீச்சர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பாலம் எங்க சார் கீது?"

"மேப்புல உந்திம்மா. நானா போட்டேன்? கவர்ன்மெண்ட் மேப்பு."

"நீங்க அந்தப் பாலத்து மேல ஒரே ஒரு தடவ நடந்துட்டு வாங்க சார். நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன். சிரித்துவிட்டு கையெழுத்தும் போட்டேன். அன்றைக்கே தாள் போக வேண்டும், இல்லாவிட்டால் மெமோ வரும் என்று நீங்கள் சொன்னீர்கள். எனக்கு மெமோவுக்குப் பயம். அவர் கையெழுத்து இல்லாமலே தாள் போனது. அவர் தனியாக ஒரு கடிதம் எழுதி, பிள்ளைகள் போட்ட ஓடை மேப்புகளைப் பின் அடித்து அனுப்பினார். குழந்தைகள் கிறுக்கலை ஆபீஸுக்கு அனுப்பக் கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மூன்று வகுப்பும் அக்கரைக்குப் போனது. டீச்சரும் போனார். ஹைஸ்கூல் வாசலிலேயே பஸ் நிற்கும். அவர் அங்கே இறங்கவில்லை. முன்போலவே காலனியில் இறங்கி, பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போவார். மழை நாளில் ரோட்டைச் சுற்றி நடத்திக் கூட்டிக்கொண்டு போவார். "எனக்குப் பயமா கீது சார், அவ்ளோதான்" என்று என்னிடம் சொன்னார். அவர் பயம் என்று சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

அன்றைக்கு எங்கள் பக்கம் மழை இல்லை. நல்ல வெயில். மலைப் பக்கம் பெய்து, மேலே ஏரி நிரம்பிக் கலங்கல் போனது யாருக்கும் தெரியாது. ஓடையில் முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். ஆறு பிள்ளைகள். டீச்சர் அவர்களைக் கரையில் நிற்க வைத்தார். தான் முதலில் போய்ப் பார்ப்பதாகவும், அக்கரையில் நின்று கையைத் தூக்கிக் காட்டினால்தான் அவர்கள் இறங்க வேண்டும் என்றும் சொன்னார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். எண்ணிக்கொண்டே நடந்தார். பிள்ளைகளும் கரையிலிருந்து கூடவே எண்ணினார்கள். அது அவர்களுக்கு தினமும் ஒரு விளையாட்டு.

நான் ஓடிப் போனபோது ஆறு பேரும் அதே இடத்தில் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் செம்மண் நிறத்தில் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு போனது.

"பத்தொம்போது வரைக்கும் கேட்டுது சார்" என்றாள் ஒரு பிள்ளை.

"டீச்சர் கைய தூக்கல சார். அதான் நாங்க எறங்கல" என்றான் இன்னொருவன்.

ஓடை அந்த இடத்தில் நாற்பது அடி. அவருடைய அடியில் நாற்பது. அவர் எழுதி வைத்திருந்தார்.

விசாரணைக்கு வந்தவர் நம் இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கேட்டார். பாலம் இருப்பதாக எழுதிக் கொடுத்தோம் என்று நீங்கள் சொல்லவில்லை. 'அந்த இடத்தில் பாலம் கிடையாது, ஆபத்தான ஓடை. ரோடு வழியாகத்தான் போக வேண்டும் என்று வாய்மொழியாகப் பலமுறை எச்சரித்தோம். அவர் கேட்கவில்லை' என்று சொன்னீர்கள். எழுதினார்கள். எச்சரித்ததற்கு சாட்சி யார் என்று கேட்டார்கள். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். யாரும் யாரையும் எச்சரிக்கவில்லை. ஓடை வழியைத் தாளில் காட்டியதே நாம்தான். நான் மறுபடியும் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

பிள்ளைகள் உயிரோடு இருப்பது டீச்சர் கவனமாக இருந்ததால். தாளில் இருப்பது கவனக் குறைவு.

ஹைஸ்கூலில் அவர் இடத்துக்கு என்னைப் போட்டார்கள். நீங்கள் ஓய்வு பெற்று திருப்பதிக்குப் போய்விட்டீர்கள். டீச்சர் அங்கே கொண்டுபோயிருந்த அதே குளோப்பை வைத்துக்கொண்டு அதே பாடத்தை நான் எடுக்கிறேன். கடுகு ஒட்டிய இடத்தில் ஒரு கறை. அதைத் துடைத்தேன், போகவில்லை. உருண்டையைச் சுற்றிவிட்டால் அந்தக் கறை வந்து வந்து போகிறது. பாடம் நடுவில் நின்றுவிடுகிறது. பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியும்.

போன மாதம் காலனிப் பிள்ளைகளை வழி மேப் போடச் சொன்னேன். எல்லா நோட்டிலும் ஓடைக்கு நடுவில் ஒரு ஆள். புடவை, இரண்டு கையும் கீழே தொங்குகிறது. முகம் இல்லை. இந்த வருஷம் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் டீச்சரிடம் படித்ததே இல்லை. அவர்களும் போட்டிருக்கிறார்கள்.

"இது யாருடா?"

"டீச்சர் சார்."

"டீச்சர்தான் இல்லியே. இருக்கறதத்தானே போடணும்?"

"அங்கதான் சார் கீறாங்க. கை கீழ கீது பாருங்க. எறங்காதன்னு அர்த்தம்."

"அப்ப நீங்க எப்படி வர்றீங்க?"

"கொஞ்ச நேரம் நிப்போம் சார். அப்புறம் எறங்கிடுவோம். ஸ்கூலுக்கு லேட்டாவுது இல்ல?"

என்னால் அந்த நோட்டுகளில் டிக் போட முடியவில்லை. முதல் டிக்கும் போடவில்லை.

மறுநாள் பாலம் வேண்டும் என்று மனு எழுதி, காலனிக்காரர்கள் நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனேன். ஆபீஸில் ஒரு பையன் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அங்க ஆல்ரெடி பாலம் இருக்குது சார். உங்க ஸ்கூல்லயே எழுதிக் குடுத்திருக்கீங்க. இருக்கற பாலத்துக்கு எப்படி சாங்ஷன் ஆவும்?" அப்படியென்றால் டீச்சர் மேல் எழுதிய குற்றத்தை எடுங்கள், பாலம் இருந்தால் அவர் ஏன் ஓடையில் இறங்கப் போகிறார் என்று கேட்டேன். அது வேற ஃபைல் சார் என்றான். அந்த ஃபைலில் பாலம் இல்லை.

டீச்சரைக் குற்றவாளி ஆக்குவதற்குப் பாலம் இல்லை. பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுக்காமல் இருப்பதற்குப் பாலம் இருக்கிறது. இரண்டு தாளும் உங்கள் வாயிலிருந்து வந்தவை, சார்.

உங்களுக்கு இரண்டு தடவை போன் செய்தேன். "விடுப்பா, போனது போச்சு" என்றீர்கள். போகவில்லை. இன்றைக்குக் காலையிலும் ஒன்பது பிள்ளைகள் ஓடையில் இறங்கினார்கள்.

மழைக்கு முன்னால் எங்கள் ஊரில் கிராம சபை கூடுகிறது. பஞ்சாயத்துத் தலைவர் சர்பஞ்ச் இருப்பார், சச்சிவாலயத்துக்காரர்கள் இருப்பார்கள், காலனி முழுக்க இருக்கும். டீச்சரின் வீட்டுக்காரரும் மகளும் வருகிறார்கள். நான் எழுந்து நின்று, இரண்டு தாளிலும் பொய்க் கையெழுத்துப் போட்டேன், அங்கே பாலம் கிடையாது, யாரும் டீச்சரை எச்சரிக்கவில்லை என்று சொல்லப் போகிறேன். அதை எழுதியும் கொடுப்பேன். என் வேலை போனால் போகட்டும். ஆனால் நான் சாட்சிதான். எழுதியவர் நீங்கள். நீங்கள் சொல்லாமல் ஒரு தாளும் மாறாது.

திருப்பதியிலிருந்து வாருங்கள். எங்கள் எல்லோர் முன்னாலும், டீச்சர் மகளின் முகத்தைப் பார்த்து, ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், சார். அந்த ஓடையில் பாலம் இருந்ததா, இல்லையா?